கறுப்புத் தட்டும் காசில்லாக் கேள்வியும்

எலக்ட்ரானிக்ஸ் எடுத்துப் படிக்கிற எவனும் இதிலிருந்து தப்ப முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு அப்போதுதான் பருப்பு வந்திருக்கும். பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்து, “தம்பி எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறீகளாமே? நம்ம வீட்டு டி.வி. ஓட மாட்டேங்குது. என்னவா இருக்கும்?” என்பார். படம் வரலையா, சத்தம் வரலையா, சிவப்பு விளக்காவது எரியுதா என்று கேட்டால், “அதெல்லாம் தெரியாது தம்பி, ஓடலை” என்பார். பார்க்காமல் சொல்ல முடியாது என்று நாம் சொன்னால், “மூணு வருசமா என்னத்தப் படிக்கிறாகளோ!” என்று அடுத்த இலைக்காரரிடம் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். மெக்கானிக்கல்காரனுக்கு ஊறாத போர்வெல் மோட்டார், சிவில்காரனுக்கு விரிசல் விட்ட சுவர். ஆளுக்கொரு தலைவலி!

இது நம் விடுதியில் பேசித் தீராத கதை. ஆனால் நண்பர்களே, நாமும் இன்னொருவருக்குப் பக்கத்து இலைக்காரராக உட்கார்ந்து இதே மாதிரி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்கப்படுகிறவர் காசு வாங்காதவராக இருந்துவிட்டால் நம் வாய்க்கு வரம்பே கிடையாது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றியது. நம் செட்டிநாட்டுப் பக்கம் கிராமபோன் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, துடைத்து, பெயர் எழுதி, கேட்டு மகிழ்கிற ரசிகர்கள். அவர்களிடம் எப்படிப் போய், எதை, எந்த முறையில் கேட்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கேட்கிற முறை கெட்டுப்போனதால் பல கதவுகள் சாத்திக்கொண்டுவிட்டன. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் தட்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

தட்டு நம்மூருக்கு வந்த கதை

வட்டத் தட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோனை 1887-இல் உருவாக்கியவர் எமிலி பெர்லினர். இந்தியாவில் வியாபாரத்துக்கான முதல் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் நடந்தது. பதிவு செய்ய லண்டனிலிருந்து கப்பலேறி வந்தவர் பிரெட் கெய்ஸ்பர்க். அப்போது பாடிய கௌஹர் ஜான் என்ற அம்மையார் பாட்டு முடிந்ததும் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி முடிப்பார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகி வந்த காலம் அது. பாடியது யார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டாமா? 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகு தட்டு இங்கேயே அச்சானது.

நம் பக்கத்துக்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. ஏவி.எம். ஸ்டூடியோ என்றால் எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வரும். அந்த ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். குடும்பத்தின் ‘ஏவி அண்ட் சன்ஸ்’ கடையில் கிராமபோன் தட்டு விற்றுத்தான் அவர் தொழில் பழகினார். 1930-களில் கூட்டாளிகளோடு சென்னையில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கி, ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். பிற்பாடு காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தது, அது 1947-இல் வெளியாகி ஓடோ ஓடு என்று ஓடியது எல்லாம் தெரிந்த கதை. தட்டு விற்றவர் தட்டு தயாரித்து, பிறகு படம் எடுத்தார்.

கொண்டுவிக்கப் போன இடத்திலிருந்து சாமான் சட்டு அனுப்பிய வீடுகள் நம்முடையவை. முகப்பில் ஒரு கிராமபோன் பெட்டி வைப்பது அந்தக் காலத்தில் அந்தஸ்து. சாவி கொடுத்து முள் போட்டால் கே.பி.சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் வளவு முழுக்கக் கேட்பார்கள். பிறகு ரேடியோ வந்தது, டேப் வந்தது, டி.வி. வந்தது. பெட்டி பரணுக்குப் போனது, தட்டுகள் மரப்பெட்டியில் கிடந்தன. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போதோ வீட்டை இடித்துக் கதவு நிலைகளை விற்கும்போதோதான் மறுபடி வெளியே வருகின்றன. அந்தச் சமயத்தில்தான் எவனாவது ஒருவன், “இது எவ்வளவு போகும்?” என்று கேட்டுக்கொண்டு ஒரு ரசிகர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்கிறான்.

எங்கள் ஊர் அரியக்குடி. ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட ராமானுஜ அய்யங்கார் (1890–1967) பிறந்த ஊர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள் பாடி, நடுவில் பெரிய உருப்படி, பிறகு ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று இன்றைக்கும் நடக்கிற கச்சேரிக்குச் சட்டம் போட்டவர் என்று சங்கீத உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 1938-இல் சங்கீத கலாநிதி. மணிக்கணக்கில் பாடுகிற அப்பேர்ப்பட்டவரும் தட்டில் பாடும்போது அதன் அளவுக்குள் அடங்கியாக வேண்டும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் மூன்றரை. அதற்குள் ஆலாபனை எங்கே, நிரவல் எங்கே! ஆகவே ஒரு தட்டைக் கேட்டுவிட்டு “இவ்வளவுதானா அரியக்குடி?” என்று ஒரு ரசிகரிடம் கேட்பது, பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து ஆள் எத்தனை அடி உயரம் என்று கேட்பது மாதிரி. அவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

இவர்கள் கடைக்காரர்கள் இல்லை

தட்டு ரசிகர் வியாபாரி இல்லை. இதை மறந்ததுதான் முக்கால்வாசி மனக்கசப்புக்கும் காரணம். அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, பாங்கு ஊழியராகவோ, மளிகைக் கடைக்காரராகவோ இருப்பார். தட்டு அவருக்குப் பொழுதுபோக்கு என்று நாம் சொல்வோம். வீட்டில் உள்ளவர்கள் பைத்தியம் என்பார்கள். சம்பாதித்ததில் ஒரு பங்கை அதில்தான் கொட்டியிருப்பார். நமக்குச் சொல்கிற ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் முப்பது வருஷத் தேடல் இருக்கும். அதற்கு அவர் கட்டணம் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதுகிற ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள்! ஆராய்ச்சிக்காரர்கள் கோட்டையூருக்கு நடையாய் நடந்தார்கள். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. அவரைப் போலவே சினிமாத் தகவலுக்கு ஒரு பிலிம் நியூஸ் ஆனந்தன் இருந்தார். 2016-இல் மறைந்தார். எந்தப் படம், எந்த வருஷம், யார் இசை என்று பத்திரிகைக்காரர்கள் ஓடியது அவரிடம்தான். இருவர் சேகரிப்பும் தப்பியது அதிர்ஷ்டம். பேர் தெரியாத எத்தனையோ பேருடைய சேகரிப்பு, அவர்கள் கண்ணை மூடிய மாதமே பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் ஏறியிருக்கிறது. தட்டாவது சில சமயம் எவரிடமாவது போய்ச் சேரும். அந்தத் தட்டில் பாடுவது யார், எந்த நாடகம், எந்த வருஷம் என்று அவர் மனத்துக்குள் வைத்திருந்தது போனால் போனதுதான். உயிரோடு இருக்கும்போது ஒழுங்காகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

விலைக் கேள்வி

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். அவரிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேரின் முதல் கேள்வி, “அய்யா, இது என்ன விலை போகும்?”

மேல்நாட்டில் ஒயின் ரசிகர்கள் படுகிற பாடும் இதேதானாம். தாத்தா வைத்துவிட்டுப் போன பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து விலை கேட்பார்களாம். ருசி என்ன, எந்த ஊர்த் திராட்சை, எப்படி வைத்திருந்தீர்கள் என்ற பேச்சே கிடையாது. ரசிகனுக்கு உயிர் எதில் இருக்கிறதோ அதைத் தாண்டிப்போய் அவன் சட்டைப்பைக் கணக்கைக் கேட்டால் என்ன செய்வான்?

விலை கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கஷ்டம் இருக்கும், விற்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை தெரிந்துவிடும். ரசிகரிடம்தான் போவது என்றால் எடுத்த எடுப்பிலேயே, “விற்கலாம்னு நினைக்கிறோம் அய்யா. அதுக்கு முன்னாடி என்ன தட்டுன்னு தெரிஞ்சுக்க வந்தோம்” என்று உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அவருக்குக் கோபம் வராது. சில சமயம், “இதை மட்டும் விற்காதீக, மத்ததைக் கொடுத்திருங்க” என்று பிரித்துக் கொடுப்பார். அந்த ஒரு வார்த்தை கடையில் கிடைக்காது.

ஆசைக்குக் கேட்கிற மாதிரி நடித்து, அவர் வாயிலிருந்து ஒரு தொகையைப் பிடுங்கி, அதைக் கொண்டுபோய்க் கடையில், “அவரே அய்யாயிரம் போகும்னு சொல்லிட்டாரு” என்று பேரம் பேசுவதுதான் மோசம். பெரியவருக்கு இது நடந்திருக்கிறது. கடைக்காரர் அவரைத் தேடி வந்து, “ஏன் சாமி எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறீக?” என்று சண்டைக்கு நின்றாராம். அன்றிலிருந்து விலை என்ற சொல் காதில் விழுந்தாலே, “காப்பி சாப்பிடுறீகளா?” என்று பேச்சை மாற்றிவிடுகிறார். அப்படியென்றால் கிளம்பலாம் என்று அர்த்தம்.

போவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அவரைப் பார்க்கப் போகுமுன் தட்டைப் பாருங்கள்! ‘டி.வி. ஓடலை’ ஆசாமியாகப் போகாதீர்கள்.

நடுவில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டை லேபிள் என்கிறோம். அதில் கம்பெனி பெயர், தட்டு எண், பாடியவர், பாட்டின் முதலடி, சில சமயம் ராகம் தாளம், நாடகம் அல்லது படத்தின் பெயர் இருக்கும். பாடியவர் பெயருக்கு முன்னால் மிஸ், ஸ்ரீமதி, மாஸ்டர் என்று போட்டிருந்தால் அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். காலத்தைக் கணிக்க அதுகூட உதவும். லேபிளுக்கு வெளியே, பாட்டு வரிகள் முடிகிற வழவழப்பான இடத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அது பதிவு எண். நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குச் சாய்த்து அடித்தால் எழும்பித் தெரியும். லேபிள் கிழிந்தே போயிருந்தாலும் இந்த எண்ணை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். செல்போனில் படம் எடுப்பதானால் இரண்டு பக்கமும் எடுங்கள். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஒரு தட்டு கிடைத்தது. லேபிளில் முக்கால்வாசியைப் பூச்சி அரித்துவிட்டது. மிச்சமிருந்தது ‘...க்குடி’ என்ற மூன்று எழுத்துதான். அரியக்குடி வீட்டில் ‘க்குடி’ என்று போட்ட தட்டு கிடைத்தால் அது யாருடையதாக இருக்கும்? வீட்டார் முடிவே கட்டிவிட்டார்கள். தெருவெல்லாம் செய்தி. பெரியவரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. “பாட்டா, வாத்தியமா?” என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. “அந்தப் பக்கம் என்ன போட்டிருக்கு?” என்றார். ஒருவரும் திருப்பிப் பார்த்திருக்கவில்லை! திருப்பினால் லேபிள் பளிச்சென்று இருக்கிறது. பரமக்குடிக்காரர் ஒருவர் பாடிய நாடகப் பாட்டு.

வீட்டாருக்கு முகம் தொங்கிவிட்டது. பெரியவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய வித்வான்களின் தட்டு பலரிடம் இருக்கும், பத்துப் பேர் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். மேடை நாடகத்தில் பின்பாட்டுக்காரராக இருந்து ஒன்றோ இரண்டோ தட்டு கொடுத்துவிட்டுப் போனவர்களுடைய குரல் வேறு எங்கேயும் இருக்காது என்றார். அன்று சாயங்காலம் வரை அதைப் பற்றியே பேசினார். விலை கேட்டிருந்தால் நூறு ரூபாய் தேறியிருக்காது.

கேட்கிற நேரம், கேட்கிற அளவு

தட்டு ஓடும்போது பேசக்கூடாது. மூன்று நிமிடம்தானே, பொறுங்கள். கோயிலில் தீபாராதனை நேரத்தில் பூசாரியிடம் பிரசாதம் எப்போ என்று கேட்கிற மாதிரி, முள் வைத்த உடனே, “இது என்ன ராகம் அய்யா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியட்டும். சில பழைய தட்டில் பாடியவரே கடைசியில் பெயர் சொல்லியிருப்பார். அதைப் பேச்சுக் கச்சேரியில் தவறவிட்டுவிட்டு ஆள் யார் என்று கேட்பது என்ன நியாயம்?

ஒரு தடவைக்கு ஒரு கேள்வி போதும். “கர்நாடக சங்கீதத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க” என்பது கேள்வியே இல்லை. நம்மிடம் வந்து எலக்ட்ரானிக்ஸைப் பற்றிச் சொல்லு என்றால் எங்கே தொடங்குவோம்? “ஆரபியும் தேவகாந்தாரியும் எனக்கு ஒண்ணாவே கேக்குது. பிரிச்சுப் பார்க்க ரெண்டு தட்டு போட்டுக் காட்டுவீகளா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் எழுந்து அலமாரிக்குப் போவதிலேயே தெரியும். நீங்கள் கொஞ்சமாவது காதைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இன்னொரு தொல்லை, சுருதி. “இவர் எத்தனை கட்டையில் பாடுறாரு?” என்று கேட்குமுன் தட்டு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெயர்தான் 78 சுற்று. ஆரம்பகாலத் தட்டுகள் அதற்கு முன்பின்னாகவும் பதிவாகியிருக்கின்றன. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும். நம் துறை நண்பர்களுக்கு இதில் ஒரு சுலபமான வேலை இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரும்புச் சோக் வைத்த பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும், நிமிடத்துக்கு 6,000. ஒரு காகித வட்டத்தில் சம இடைவெளியில் 77 கோடு போட்டு, தட்டின் மேல் வைத்துச் சுழலவிடுங்கள். கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரி தெரிந்தால் வேகம் 6,000-ஐ 77-ஆல் வகுத்தது, அதாவது 77.92. கோடு முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் குறைவு. எல்.இ.டி. விளக்கில் இது சரிவராமல் போகலாம். இந்தக் காகித வட்டம் ஒன்றைச் செய்து பெரியவருக்குக் கொடுத்தோம். ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வகுப்புப் பையன்கள் யார் போனாலும் ராஜ உபசாரம்தான்!

கைமாறு என்று நான் சொல்வது இந்த மாதிரி காரியத்தைத்தான். பணத்தை நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார். வெறுங்கையோடு வந்து வாரிக்கொண்டு போனாலும் மனசு சுருங்கும். நம் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யாதவனை ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். ரசிகரிடம் கேட்டு வாங்கிய தகவலுக்கும் மொய் உண்டு. அவர் சொன்னதை வைத்துத் தட்டு யாருடையது என்று கண்டுபிடித்தீர்களா? போய்ச் சொல்லுங்கள். அவர் சொன்னது தப்பாக இருந்து வேறு விதமாகத் தெரியவந்ததா? அதையும் பக்குவமாகப் போய்ச் சொல்லுங்கள். முக்கியமாக அதைச் சொல்ல வேண்டும். அவர் நோட்டில் திருத்திக்கொள்வார். காரியம் முடிந்ததும் எட்டிப் பார்க்காதவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூறு என்று பெரியவர் சொல்வார். அதில்தான் அவருக்கு அலுப்பு. கேள்வி கேட்டு வருகிறவர்கள்மேல் இல்லை.

ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேட்டு, “அவர் 1935-ங்கிறாரு, நீங்க 1938-ங்கிறீக, யாரு சொல்றது சரி?” என்று மோதவிடுகிற பழக்கமும் உண்டு. வேண்டாம். “எதை வச்சுச் சொல்றீக அய்யா?” என்று கேளுங்கள். ஒருவர் லேபிளின் நிறத்தை வைத்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் தட்டு எண்ணை வைத்து. 1925-இல் மைக் வைத்த மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன் குழாய்க்குள் கத்திப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்துக் காலம் சொல்கிறவர்களும் உண்டு. விடையைவிட இந்த வழி நமக்குப் பிரயோஜனம். தெரியாது என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர் மற்றதைச் சொல்லும்போது நம்பலாம்.

எல்லா ரசிகர்களும் தங்கம் என்று நான் எழுதவில்லை. “உனக்கெல்லாம் இது எதுக்குப்பா?” என்று வாசலிலேயே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தன்னிடம் உள்ள ஒவ்வொரு தட்டும் உலகத்திலேயே ஒன்றுதான் என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இளவட்டம் கேட்க வந்தால் பூட்டிவைப்பதும், பிறகு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனையில்லை என்று புலம்புவதும் எந்த ஊர் நியாயம்? அப்படிப்பட்டவர்களிடம் இரண்டாம் தடவை போகாமல் இருப்பதே மரியாதை.

பிரதி கேட்பது

ஒரு பாட்டைப் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். அலமாரியோடு கேட்கக்கூடாது. இரவல் என்ற பேச்சே வேண்டாம், இது கீழே விழுந்தால் உடைகிற சாமான். வாங்கிய பிரதியை நாலு பேருக்கு அனுப்புமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, யாருடைய சேகரிப்பிலிருந்து என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை. பழசு என்பதால் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது.

பிரதி எடுக்கிற வேலையை நாமே செய்து கொடுக்க முன்வந்தால் பலரும் மகிழ்வார்கள். ஆனால் முள் விஷயத்தில் கவனம். 1948-இல் வந்த எல்.பி. தட்டின் பள்ளம் மிகக் குறுகல், அதற்கான முள் நுனி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 தட்டுக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சல்தான் வரும். பழைய சாவிப் பெட்டியில் போட்டுக் கேட்பதும் அரிய தட்டுக்கு ஆகாது. அதன் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், இரும்பு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். ஒரே முள்ளை மாசக்கணக்கில் ஓட்டிய வீடுகளின் தட்டுகள் சாம்பல் பூத்துக் கிடப்பது அதனால்தான்.

அவரிடம் கொண்டுபோகும்போது தட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்து வீட்டிலேயே துடைக்கத் தொடங்குவார்கள் சிலர். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தட்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 78 தட்டின் முக்கியச் சரக்கு அரக்கு. நம் வீட்டுத் தேக்கு நிலைக்குத் தச்சர் மெருகேற்றுவது எதை வைத்து? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான்! அதே ஸ்பிரிட் தட்டையும் கரைக்கும், பாட்டு பஞ்சோடு வந்துவிடும். தூசியை மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, வாலைவடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, துணியைப் பிழிந்து, பள்ளம் ஓடுகிற வட்டத்திலேயே துடைக்க வேண்டும். லேபிள் நனையக்கூடாது. உடனே உலர்த்த வேண்டும். தெரியாவிட்டால் தூசியோடே கொண்டுபோங்கள், அவர் திட்டமாட்டார்.

எடுத்துப் போகும்போது இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்து, துணியில் சுற்றி, மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். படுக்கவைத்து மேலே டிபன் பாக்ஸ் வைக்கக்கூடாது. காரைக்குடி போகிற மினி பஸ்ஸில் டிரைவர், “இங்கிட்டு வைங்க தம்பி” என்று அன்பாக என்ஜின் மூடியைக் காட்டுவார். அங்கே மட்டும் வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் அரக்குத் தட்டு தோசைக்கல்லில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிடும். நிறுத்தத்தில் இறங்கும்போது விளிம்பைப் பிடித்து இறங்குங்கள். வரிகளின் மேல் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.